என் படிப்புக்காக அம்மா கழற்றிய செருப்பு

“இன்னும் பத்து வாட்டி எழுதினாலும் உனக்கு வராதுடி பவி.”

ரிஸ்வானா இதைச் சொன்னபோது அவள் வாயில் பாதிக் கரும்புச் சாறு இருந்தது. விழுங்கிவிட்டுச் சொல்லலாம் என்ற மரியாதையைக்கூட அந்தச் செய்திக்கு அவள் தரவில்லை.

செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு மரத்தடியில் அந்தக் கரும்புச் சாற்றுக் கடை இருக்கிறது. இயந்திரத்தின் சக்கரத்தில் கட்டிய சலங்கை ஒவ்வொரு சுற்றுக்கும் குலுங்கும். கரும்போடு நசுங்கும் இஞ்சியின் வாசனை பெஞ்சு வரை வரும். எதிர்ப்பக்கம் வெள்ளைப் பருத்தி உடுத்திய வெளிநாட்டுக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரிஸ்வானாவின் போனில் என் மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வை அப்போது இரண்டாவது முறையாக எழுதியிருந்தேன். வந்த மதிப்பெண் முதல் முறையைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. தேவைப்பட்டதைவிட ரொம்பக் கம்மி.

ரிஸ்வானா ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள். தேரடி வீதிப் பக்கம் அவளுடைய அப்பாவுக்கு வளையல் கடை. தாத்தா காலத்திலிருந்தே அவர்களுக்கு அந்தக் கடைதான். வாடிக்கையாளரின் கையைப் பார்த்ததும் எந்த அளவு வளையல் ஏறும் என்று சொல்லிவிடுகிற குடும்பம். ஏறாத வளையலைத் திணிக்கிறவர்களைக் கண்டால் ரிஸ்வானாவுக்குப் பொறுக்காது. அன்று என்னைப் பார்த்ததும் அப்படித்தான் இருந்திருக்கும் போல.

எனக்குக் கண் கலங்கவில்லை. கோபம்தான் வந்தது. “உனக்கென்ன தெரியும்?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு ‘டாக்டர்’ வந்த விதம்

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. பௌர்ணமி வந்தால் எங்கள் வீட்டு வாசலில் ஊரே நடக்கும். அம்மா அன்றைக்கு மோரும் எலுமிச்சை ஜூஸும் அவித்த வேர்க்கடலையும் விற்பாள். மற்ற நாட்களில் பூந்தோட்டங்களுக்குப் பூப்பறிக்கப் போவாள். அப்பா கொத்தனார். வேங்கிக்கால் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் வீடுகளில் பல அவர் கை பட்டவை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் ஒவ்வொரு வீடாகக் காட்டி, எந்த வீட்டு மாடிப்படி அவர் கட்டியது என்று சொல்லிக்கொண்டே வருவார்.

இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மா பஸ்ஸை அதன் நிறத்தையும் கண்டக்டர் முகத்தையும் வைத்துக் கண்டுபிடிப்பாள். எங்கள் குடும்பத்தில், அம்மா பக்கமும் அப்பா பக்கமும் சேர்த்து, பள்ளியில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். இதை எந்தச் சபையிலும் தலை நிமிர்ந்து சொல்வேன்.

பத்தாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் முதலாவதாக வந்தேன். பள்ளி ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டார்கள். பரிசு கொடுத்த விருந்தினர் மைக்கை நீட்டி, “என்னவாகப் போகிறாய்?” என்று கேட்டார்.

“டாக்டர்” என்றேன்.

யோசிக்கவெல்லாம் இல்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் டாக்டர், மீதிப் பேர் கலெக்டர். ரிஸ்வானா மட்டும் பைலட். வருகைப் பதிவுக்கு ‘உள்ளேன் ஐயா’ சொல்வதுபோலத்தான் அந்தப் பதில். கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் கைதட்டுவார்கள், அதோடு முடிந்தது.

ஆனால் அன்று கூட்டத்தில் அம்மா இருந்தாள்.

அம்மாவுக்குத் தெரிந்த டாக்டர் ஒரே ஒருவர்தான். நான் பிறந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவளுக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மா. தலைப்பிரசவம், சிக்கலானது, விடியும் வரை அந்த அம்மாள் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தாராம். அவர் பெயர் அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், “அந்த டாக்டரம்மா இருந்தா தொட்ட உடனே சொல்லிடுவாங்க” என்பாள். மேடையில் நான் சொன்ன வார்த்தை அம்மாவின் காதில் அந்த முகமாகத்தான் விழுந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அம்மா எங்கள் ஊர்க் கோவிலுக்குப் போனாள். திரும்பி வரும்போது காலில் செருப்பு இல்லை. யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்து, “புதுசாச்சே” என்றேன்.

“நான்தான் உட்டுட்டு வந்தேன். பாப்பா டாக்டராகி வர்ற வரைக்கும் காலுல செருப்பு போட மாட்டேன்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்.”

இட்லிக்கு அரிசி ஊறப் போட்டுவிட்டேன் என்று சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள்.

வெறுங்காலோடு நடப்பது எங்கள் ஊரில் புதிதல்ல. மலையைச் சுற்றுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சுற்றுகிறார்கள். ஆனால் அவர்கள் சுற்றி முடித்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். அம்மாவுக்குத் தோட்டம், தார் ரோடு, சந்தை, ரேஷன் கடை எல்லாமே வெறுங்கால். சித்திரை வெயிலில் ஒரு மர நிழலில் நின்று, அடுத்த நிழலைக் கண்ணால் அளந்து, சட்டென்று ஓடி அங்கே போய் நிற்பாள். பள்ளிக்கூட பஸ் ஜன்னலிலிருந்து இதை ஒருமுறை பார்த்தேன். அன்றைக்கு என்ன பாடம் நடந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

சுவரில் ஒட்டிய கால அட்டவணை

இந்த இதழில் வரும் இந்தத் தொடரைப் படிக்கும் மாணவிகள் சிலர், இலக்கு வைத்துப் படிப்பது எப்படி என்று எழுதிக் கேட்கிறார்கள். எப்படி வைக்கக் கூடாது என்பதை நான் விளக்கமாகவே சொல்ல முடியும்.

பிளஸ் ஒன் சேர்ந்ததும் ஒரு பெரிய காகிதத்தில் கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். விடியற்காலை எழுந்து இயற்பியல், பிறகு வேதியியல், பள்ளி விட்டு வந்ததும் உயிரியல். சாப்பிடுவதற்கு அதில் இடமே இல்லை. முதல் வாரம் ஒழுங்காக நடந்தது. இரண்டாவது வாரம் பௌர்ணமி வந்து, அம்மாவோடு எலுமிச்சை பிழிய உட்கார்ந்ததில் அட்டவணை சரிந்தது. மூன்றாவது வாரம் புது அட்டவணை போட்டேன், இன்னும் கடுமையாக. அதுவும் சரிந்தது. பழையதன் மேலேயே புதியதை ஒட்டிக்கொண்டு போனதில் சுவரில் அந்த இடம் மட்டும் மெத்தென்று உப்பிவிட்டது.

டாக்டர் ஆவதற்குத் தனியாக ஒரு நுழைவுத் தேர்வு உண்டு என்பதே பிளஸ் ஒன்னில்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு அது கடைசிவரை சரியாகப் புரியவில்லை. பிளஸ் டூ முடித்தால் டாக்டர் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தார். நான் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்ததும், எப்போது கிளம்ப வேண்டும் என்று கேட்டார். இன்னொரு பரீட்சை இருக்கிறது என்றேன். “இன்னும் முடியலியா?” என்று என்னைப் பாவமாகப் பார்த்தார்.

டவுனில் நடந்த பயிற்சி வகுப்புக்குப் போனேன். உயிரியலில் யாருக்கும் சளைக்கவில்லை. இயற்பியல் என்னை உள்ளே விடவில்லை. கணக்கைப் படித்தால் புரிவதுபோல் இருக்கும், புத்தகத்தை மூடினால் வராது. எந்தப் பாடத்தில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறேன், அதைச் சரிக்கட்ட எவ்வளவு காலம் பிடிக்கும், அந்தக் காலம் என்னிடம் இருக்கிறதா என்று ஒருநாளும் உட்கார்ந்து பார்க்கவில்லை. பார்க்கப் பயம். பதிலுக்கு, கண்ணாடி முன்னால் நின்று “நான் டாக்டர் ஆவேன்” என்று சொல்லிக்கொண்டேன். யாரோ மேடையில் பேசும்போது அப்படிச் சொல்லச் சொல்லியிருந்தார்.

முதல் தேர்வில் வரவில்லை. இரண்டாவதில் கொஞ்சம் ஏறியது. அந்தக் கொஞ்சம்தான் ஆபத்து. மூன்றாவது முறை எழுதினால் வந்துவிடும் என்று அது ஆசை காட்டியது.

பௌர்ணமி முகாம்

இடையில் ஒரு சந்தோஷத்தையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அந்த வருடங்கள் முழுக்க அழுதுகொண்டிருந்ததாக நினைத்துவிடுவீர்கள்.

பிளஸ் டூ படிக்கும்போது, பௌர்ணமியன்று பாதையில் போடும் முதலுதவி முகாமில் உதவி செய்ய மாணவிகளை அனுப்பினார்கள். சாமியானாப் பந்தல், இரண்டு மேஜை, பிளாஸ்டிக் நாற்காலிகள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர் உட்கார்ந்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இந்தப் பக்கம் ஒரு நர்ஸ் அக்கா தரையில் குந்தி, வருகிறவர்களின் காலைத் தன் மடியருகே வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னை அவரோடு விட்டார்கள்.

நடந்து நடந்து கொப்புளம் வந்த கால்கள். கல் குத்திய கால்கள். விபூதியும் தூசியும் வியர்வையும் அப்பிய கால்கள். உப்புத் தண்ணீரால் கழுவி, பஞ்சால் ஒற்றி, மருந்து தடவி, துணி வைத்துச் சுற்ற வேண்டும். அழுத்தினால் வலிக்கும், தளர்த்தினால் அவிழும். அந்த நடு அளவு என் கைக்குச் சீக்கிரமே பிடிபட்டது. கட்டிக்கொண்டிருக்கும்போது அவர்கள் பேசுவார்கள். எங்கிருந்து வருகிறோம், எதற்காக நடக்கிறோம், மருமகள் எப்படி, மாடு எப்படி. விழுப்புரத்துப் பெரியம்மா ஒருவர், கட்டி முடித்த பிறகும் காலை எடுக்காமல் மகனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். நானும் காலைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து இதை ரிஸ்வானாவிடம் போனில் ரொம்ப நேரம் சொல்லியிருக்கிறேன். எனக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்கவில்லை.

தொப்பி மேல் ஆசை

இப்போது கரும்புச் சாற்றுக் கடைக்குத் திரும்புகிறேன்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அவள் இன்னொரு டம்ளர் சொன்னாள். எனக்குத்தான். பிறகு தன் கதையைச் சொன்னாள். பைலட் ஆகப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒருநாள் உட்கார்ந்து அதற்கு என்னென்ன வேண்டும் என்று படித்துப் பார்த்தாளாம். படித்து முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டதாம்.

“எனக்குப் பைலட் மேல ஆசையே இல்லடி. அந்தத் தொப்பி மேலதான் ஆசை. அன்னிக்கே உட்டுட்டேன்.”

அவள் அப்போது பி.காம் படித்துக்கொண்டிருந்தாள். வங்கித் தேர்வு எழுதத் தயார் செய்துகொண்டிருந்தாள். எந்த மாதம் எந்தப் பகுதியை முடிப்பது, முடித்தோமா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது, எல்லாம் அவளிடம் தெளிவாக இருந்தது. எனக்கு அது சின்ன ஆசையாகத் தெரிந்தது. டாக்டர் எங்கே, வங்கி குமாஸ்தா எங்கே என்று மனதுக்குள் நினைத்தேன். ஆனால் அவள் ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்றை முடித்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு தடவை நீட் எழுதியும் எதையும் முடிக்கவில்லை.

“உனக்கு எது மேல ஆசை?” என்று கேட்டாள். டாக்டர் ஆக வேண்டும் என்றேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நெஜமா சொல்லு. நீ டாக்டர் ஆகணும்னு நெனைக்கறியா, உங்கம்மா செருப்பு போடணும்னு நெனைக்கறியா?”

சலங்கை நின்றிருந்தது. கடைக்காரர் சக்கையை அள்ளி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ரிஸ்வானா, அந்த முகாமில் டாக்டர் பக்கத்தில் போய் உட்கார எனக்கு ஒருமுறையாவது தோன்றியதா என்று கேட்டாள். தோன்றவில்லை. “எங்கிட்ட போன்ல சொன்னதெல்லாம் காலப் பத்திதான்டி. அந்த டாக்டரு மாத்திர எழுதினதப் பத்தி ஒரு வார்த்த சொல்லல” என்றாள்.

அந்த வாரமே விசாரித்தேன். அரசு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் மூன்று வருடப் படிப்பு. பிளஸ் டூ மதிப்பெண் போதும், என்னுடையது தாராளமாகப் போதும். கலந்தாய்வு அடுத்த மாதம். எங்கே, எப்போது, எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று எல்லாம் தெரிந்த ஒரு விஷயம் அதுவரை என் படிப்பில் இருந்ததே இல்லை. பயமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது.

சிவப்புப் பூ

வீட்டில் சொன்னேன். அப்பா உடனே தலையாட்டினார். டாக்டரோ நர்ஸோ, ஆஸ்பத்திரிக்குள்ளேதானே இருக்கப் போகிறாள் என்றார். அம்மா அவரைச் சும்மா இருக்கச் சொன்னாள்.

ஊரில் நர்ஸ் வேலையைப் பற்றிச் சிலர் ஏளனமாகப் பேசுவார்கள். அம்மாவும் அதைத்தான் சொல்லப் போகிறாள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் கவலை வேறு.

“சாமிகிட்ட ஒண்ணு சொல்லிட்டு இன்னொண்ணு செஞ்சா இன்னா பாப்பா அர்த்தம்? கேட்டுட்டுதான் செய்யணும்.”

மறுநாள் கோவிலில் பூப்போட்டுப் பார்த்தாள். வெள்ளை நந்தியாவட்டையையும் சிவப்பு அரளியையும் தனித்தனியாகத் தாளில் மடித்து, சாமி முன்னால் வைத்து, பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணை ஒன்று எடுக்கச் சொன்னாள். கேள்வி: வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாமா? வெள்ளை என்றால் சரி. சிவப்பு என்றால் கூடாது.

சிவப்பு வந்தது.

அப்பா மெதுவாக, இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்றார்.

“சாமி இன்னா பரீட்சையா, பெயிலானா திரும்ப எழுதறதுக்கு?”

சொன்ன பிறகுதான் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்பாவும் பார்த்தார். முதலில் சிரித்தது நான்தான். அழுதிருந்தால் அம்மா அன்றைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்து தனியாக உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை. நீட்டை மூன்றாவது முறை எழுதினால், அது முடியும் வரை அம்மா வெறுங்காலோடு நடப்பாள், முடியுமா என்பதும் தெரியாது. நர்ஸிங் போனால், வேண்டுதல் நிறைவேறாது, காலம் முழுக்க வெறுங்காலோடு நடப்பாள். எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கால்கள் தாரில்தான். அவள் காலை வைத்து என் படிப்பை முடிவு செய்ய முடியாது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. என்னால் எதைப் படித்து முடிக்க முடியும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நர்ஸிங் போகிறேன் என்றேன். அம்மா, “நீ போ பாப்பா. சாமி கணக்கு எனக்கும் சாமிக்கும்” என்றாள்.

கலந்தாய்வில் வேலூர்ப் பக்கம் இடம் கிடைத்தது. பஸ் ஏற்ற அம்மாவும் வந்தாள், நிழல் நிழலாகப் பார்த்து நடந்து.

பி.பி. பார்க்கக் கற்ற கதை

விடுதியில் என் பக்கத்துச் சுவர் வெறுமையாகத்தான் இருந்தது. அட்டவணை ஒட்டவில்லை. கண்ணாடி முன்னால் எதுவும் சொல்லவில்லை.

நான் தமிழ் வழியில் படித்தவள். பாடங்கள் ஆங்கிலத்தில். முதல் மாதம் எலும்புகளின் பெயர்களே தொண்டையில் சிக்கின. மூன்று வருடத்தையும் மொத்தமாக நினைத்தால் ஓடிவிடலாம் போல் இருந்தது. அதனால் வார்டில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்: நான் பார்த்துச் சொல்லும் ரத்த அழுத்தத்தை எங்கள் வார்டு சிஸ்டர் மறுபடி பார்க்காமல் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

கேட்கச் சின்ன விஷயம். ஆனால் எங்கள் சிஸ்டர் யாரையும் நம்பமாட்டார். நான் சொன்னதும் எழுந்து வந்து, பட்டையை மறுபடி சுற்றி, தானே பார்ப்பார். என்னுடையது தப்பாக இருக்கும். காதில் துடிப்பு எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது அடங்குகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. விடுதியில் தோழிகள் கையிலெல்லாம் பட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். என்னைக் கண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில் ஒரு பாட்டியின் அளவைச் சொன்னேன். சிஸ்டர் நாற்காலியிலிருந்து எழவில்லை. எழுதிக்கொண்டு, “அடுத்த பெட்” என்றார். அவ்வளவுதான். நான் அடுத்த படுக்கைக்கு நடந்து போனதை இன்றைக்கும் என் கால்கள் ஞாபகம் வைத்திருக்கின்றன. பத்தாம் வகுப்பு மேடையில் கைதட்டியபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

அதற்குப் பிறகு அடுத்தது, அதற்கு அடுத்தது. எழுதிக் கேட்கும் மாணவிகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் ஆசை பெரிதாகவே இருக்கட்டும். ஆனால் அதில், கொஞ்ச நாளில் இன்னொருவர் வந்து ‘முடித்துவிட்டாள்’ அல்லது ‘முடிக்கவில்லை’ என்று பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். முடிக்காவிட்டால் அவமானமில்லை. துண்டு பெரிதாகிவிட்டது, சின்னதாக வெட்ட வேண்டும், அவ்வளவுதான். அது உங்கள் கைக்கு ஏற்றதுதானா என்பதையும் பாருங்கள். எனக்கு அதைப் பார்க்க இரண்டு நீட் தேர்வுகள் தேவைப்பட்டன.

வெள்ளைப் புடவை

முதல் வருட மாணவிகளுக்கு விளக்கேற்றும் விழா ஒன்று உண்டு. கையில் விளக்கோடு வரிசையாக நின்று உறுதிமொழி எடுப்போம். அம்மாவும் அப்பாவும் வந்திருந்தார்கள். அம்மா பட்டு மாதிரியான ஒரு புடவையில், வெறுங்காலோடு, மொசைக் தரையின் குளிர்ச்சி பிடித்துப்போய் அடிக்கொருதரம் பாதத்தை அழுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்து தாழ்வாரத்தில் டீ கொடுத்தார்கள். ஓய்வு பெற்ற மூத்த செவிலியர் ஒருவர் விருந்தினராக வந்திருந்தார். வெள்ளைப் புடவை, இடுப்பில் பெல்ட். பழைய காலச் சீருடையை அன்றைக்காகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்களைக் கடந்து போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

“அவங்க பெரிய டாக்டரா பாப்பா?” என்று அம்மா கேட்டாள்.

“இல்லம்மா, நர்ஸ். அப்பல்லாம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில நர்சுங்க வெள்ளப் புடவதான் கட்டுவாங்களாம்.”

“பெல்ட்டு?”

“அதுவும்தான்.”

அம்மா டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். நான் பிறந்தபோது பார்த்த டாக்டரம்மாவும் அப்படித்தான் இருந்தார்கள் என்றாள். அன்றைக்கு வேறு யாராவது வந்து பார்த்தார்களா என்று கேட்டேன். காலையில் ஓர் ஐயா வந்து, இரண்டு வார்த்தை கேட்டு, ஏதோ எழுதிவிட்டுப் போனாராம். அவர் யார் என்று அம்மா கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

அம்மாவுக்குப் பிரசவம் பார்த்தது ஒரு நர்ஸ் என்று எங்கள் வீட்டில் அத்தனை வருடம் யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றியவர் டாக்டர். அதற்கு மேல் வேறு பெயர்கள் உண்டு என்று சொல்ல எங்கள் வீட்டில் படித்தவர் யார் இருந்தார்கள்?

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாளாம். போளூர் தாண்டியதும் அப்பாவிடம் சொன்னதை, அப்பா அன்றைக்கே போனில் என்னிடம் சொன்னார்: “பாப்பா அவங்க மாதிரி ஆகணும்னுதான் நான் கேட்டேன். அவங்க யாருன்னு சாமிக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியல. அதான் மாத்த வேணாம்னு சிவப்பு வந்துக்கீது.”

நான் வாதாடவில்லை. படித்தவள் என்பதற்காக எல்லாவற்றிலும் வாதாட வேண்டியதில்லை. போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, அப்படியானால் இனிமேல் செருப்பு போடலாமே என்று ஆசையாகக் கேட்டேன்.

“நீ இன்னும் முடிக்கலியே” என்றாள்.

ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் பிறகு யோசித்தால், அதுவரை அம்மாவின் வேண்டுதலுக்கு முடிவே தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. என் படிப்புக்கு எந்த முடிவோ அதுவே அதற்கும். ஒரு பாடம் நின்றுபோனாலும் அம்மாவுக்கு இன்னொரு கோடை சேரும். நான் எந்தப் பாடத்தையும் நிற்க விடவில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வெந்நீரில் அவள் கால்களை ஊற வைத்து, வெடிப்புகளைச் சுத்தம் செய்து, மருந்து தடவிக் கட்டுகிறேன். முதலில் மகள் காலைப் பிடிப்பதா என்று கூச்சப்பட்டாள். இப்போது கடை வேலைக்கு நடுவில் காலை நீட்டிவிட்டு, அந்தப் பக்கம் நொண்டிக்கொண்டு போகிறவர்களையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறாள். “எம்பொண்ணு பாக்கும், உக்காருங்க.” போன பௌர்ணமிக்கு எங்கள் கடையில் மோர் குடித்தவர்களைவிடக் கட்டுப் போட்டுக்கொண்டவர்கள்தான் ஜாஸ்தி.

இப்போது

இது எனக்குக் கடைசி வருடம். எனக்குப் பயமான வார்டு ஒன்று உண்டு. குழந்தைகள் வார்டு. அவர்களுக்கு நரம்பு நூல் மாதிரி இருக்கும். ஊசியைப் பார்த்ததும் அழுவார்கள். அழுதால் நான் ஊசியைக் கீழே வைத்துவிடுவேன். இதுவரை யாராவது தோழியை முன்னால் விட்டு, நான் மருந்து எடுத்துக் கொடுப்பதோடு தப்பித்துவந்தேன். இந்த மாதத்துக்குள் ஒரு குழந்தைக்கு யார் துணையும் இல்லாமல், முதல் குத்திலேயே ஊசி ஏற்றிவிட வேண்டும். அதுதான் நான் வெட்டி எடுத்திருக்கும் துண்டு.

நேற்று பௌர்ணமி, கடையில் இருந்த அம்மாவிடம் போனில் சொன்னேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது, யாரோ எலுமிச்சை ஜூஸ் கேட்டார்கள். “கொழந்தைங்களா? அழுவுமே” என்றாள். என்ன யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

“நான் ஏதாவது வேண்டிக்கட்டுமா பாப்பா?”

“வேணாம்மா. சிஸ்டர்கிட்ட பேர் கொடுத்துட்டேன். திங்கக்கெழமையிலேர்ந்து எனக்கு அந்த வார்டுதான்.”